கல்லூரி வளாகத்தில் மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கி: டெக்சாஸ் சட்டமும் அதைப் பற்றிய மனப்போக்குகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில், உரிமம் பெற்ற ஒருவர் கைத்துப்பாக்கியை ஆடைக்குள்ளோ பைக்குள்ளோ மறைத்து வைத்துக்கொண்டு வகுப்பறைக்கு வரலாம். 2016 ஆகஸ்டு முதல் இது சட்டம். அங்கே படிக்கப் போகிற மாணவர்களும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் இதைக் கேள்விப்பட்டதும் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் காட்டிலும், அங்கே படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் ஊர்மக்களும் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே அவர்களை அதிகம் உறுத்துகிறது. அந்த வரிசையிலேயே பதில்கள் தரப்பட்டுள்ளன.

'கேம்பஸ் கேரி' என்பது சரியாக எதைக் குறிக்கிறது?

டெக்சாஸ் சட்டமன்றம் 2015இல் நிறைவேற்றிய செனட் மசோதா 11தான் இதன் அடிப்படை. மாநில அரசின் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர், நான்காண்டுப் பட்டப்படிப்பு நடத்தும் அரசுப் பல்கலைக்கழகங்களின் கட்டடங்களுக்குள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல 2016 ஆகஸ்டு 1 முதலும், ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளில் 2017 ஆகஸ்டு 1 முதலும் அனுமதி உண்டு. இதற்கு முன்பும் வளாகத்தின் சாலைகள், நடைபாதைகள், வாகன நிறுத்தங்கள் ஆகியவற்றில் உரிமதாரர்கள் துப்பாக்கியோடு நடமாடத் தடை இருக்கவில்லை. கட்டடத்தின் வாசல்தான் எல்லையாக இருந்தது. புதிய சட்டம் அந்த எல்லையை நீக்கியது. இந்த விவரம் பலருக்குத் தெரியாததால், முன்பு வளாகம் முழுவதும் துப்பாக்கியே இல்லாமல் இருந்தது போலவும் திடீரென்று எல்லாம் மாறிவிட்டது போலவும் பேசப்படுகிறது.

'மறைத்து' என்ற நிபந்தனை முக்கியமானது. வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு வளாகத்துக்குள் வருவதற்கு அனுமதி இல்லை. உரிமம் பெறப் பொதுவாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. இராணுவத்தில் பணியாற்றியோருக்கு மட்டும் 18 வயதிலேயே கிடைத்தது. 2022இல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றினால் அந்த வயது வரம்பு தளர்ந்திருக்கிறது. விண்ணப்பிப்பவர் 4 முதல் 6 மணி நேரப் பயிற்சி வகுப்பில் அமர வேண்டும், சுடும் தேர்வில் தேற வேண்டும், காவல்துறையின் பின்னணிச் சரிபார்ப்பைக் கடக்க வேண்டும். 2021இல் டெக்சாஸ் பொது இடங்களில் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி வைத்திருக்க அனுமதித்தது; ஆனால் அந்தத் தளர்வு கல்லூரி வளாகத்துக்குப் பொருந்தாது, அங்கே உரிமம் இன்றும் கட்டாயம்.

டெக்சாஸ்காரர்களுக்குத் துப்பாக்கி பிறப்புரிமை என்கிறார்களே, அப்படியானால் இந்தச் சட்டம் வர ஏன் 2015 வரை ஆயிற்று?

டெக்சாஸைப் பற்றிய பரவலான எண்ணத்துக்கு மாறாக, 1871 முதல் 1995 வரை அம்மாநிலத்தில் சாதாரணக் குடிமக்கள் பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது தடை செய்யப்பட்டிருந்தது. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் என்ற ஊரில் லூபீஸ் சிற்றுண்டியகத்துக்குள் ஒருவன் வாகனத்தை மோதி நுழைத்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தன் கண்ணெதிரே தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்த சூசானா கிரேஷா ஹப் என்ற பெண், சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவந்ததாகவும், கையில் இருந்திருந்தால் ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும் என்றும் சட்டமன்றங்களில் சாட்சி சொன்னார். பின்னர் தாமே சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1995இல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட மறைத்து எடுத்துச் செல்லும் உரிமச் சட்டத்துக்கு அந்தச் சாட்சியம் பெரிய உந்துதல். கல்லூரிக் கட்டடங்கள் உள்ளிட்ட சில இடங்கள் அதில் விலக்காக நின்றன.

அந்த விலக்கை நீக்க 2009 முதல் தொடர்ந்து முயற்சிகள் நடந்து தோற்றன. கடைசியில் 2015இல் கிரான்பரியைச் சேர்ந்த செனட்டர் பிரையன் பேர்ட்வெல் கொண்டுவந்த மசோதா வென்றது. ஆளுநர் கிரெக் அபட் ஜூன் மாதத்தில் கையெழுத்திட்டார். பல்கலைக்கழகங்களைச் சமாதானப்படுத்தும் ஓர் இணைப்பு அதில் இருந்தது: ஒவ்வொரு பல்கலைக்கழகத் தலைவரும் நியாயமான விதிகளை வகுத்துச் சில இடங்களை விலக்கிக்கொள்ளலாம், ஆனால் அவ்விதிகளின் மொத்த விளைவு பொதுத்தடையாக ஆகிவிடக் கூடாது.

வர்ஜீனியா டெக் படுகொலையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தங்கள் பக்கச் சான்றாகச் சொல்வது எப்படி?

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒருவன் இரண்டு கைத்துப்பாக்கிகளால் 32 பேரைக் கொன்றான். இறந்தவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, 1982 முதல் அங்கே கற்பித்துவந்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தில் நீரியல் வகுப்பை நடத்திக்கொண்டிருந்தபோது அவரும் அவர் மாணவர்களில் ஒன்பது பேரும் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டில் பலருக்கு அமெரிக்க வளாகத் துப்பாக்கிச் சூடு என்ற சொல்லே அந்த நாளில்தான் அறிமுகமாயிற்று.

வளாகத்தில் உரிமதாரர்களையும் தடுக்கும் விதி வர்ஜீனியா டெக்கில் இருந்தது. அத்தகைய விதிகளைச் செல்லாததாக்க முயன்ற மசோதா ஒன்று 2006இல் வர்ஜீனியா சட்டமன்றக் குழுவிலேயே மடிந்துபோயிருந்தது. சட்டத்தை மதிப்பவர்களின் கையை மட்டும் கட்டிப்போட்ட விதி அது என்று ஆதரவாளர்கள் வாதிட்டனர். படுகொலை நடந்த 2007இலேயே 'வளாகத்தில் மறைத்து எடுத்துச் செல்ல விரும்பும் மாணவர்கள்' என்ற அமைப்பு உருவாகி, வெறும் துப்பாக்கி உறையை இடுப்பில் அணிந்து வகுப்புக்கு வரும் போராட்டத்தை நாடெங்கும் நடத்தியது.

எதிர்ப்பவர்கள் வேறொன்றைச் சுட்டினார்கள். கொலைகாரன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005இல் ஒரு வர்ஜீனியா நீதிமன்றம் அறிவித்து மனநலச் சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தும், துப்பாக்கி வாங்கத் தடையுள்ளோரின் ஃபெடரல் (மத்திய அரசு) பட்டியலில் அந்தத் தகவல் ஏறாததால் இரண்டு துப்பாக்கிகளையும் அவனால் சட்டப்படியே வாங்க முடிந்தது. அந்த ஓட்டையை அடைக்க 2008 ஜனவரியில் ஒரு ஃபெடரல் சட்டமே வந்தது. நான்கு குண்டுகள் தாங்கி உயிர் பிழைத்த மாணவர் காலின் காடர்ட், பின்னர் பல மாநிலங்களுக்குச் சென்று வளாகத் துப்பாக்கிக்கு எதிராகப் பேசினார். ஆக, ஒரே கட்டடத்தில் நடந்த ஒரே கொடுமையிலிருந்து முற்றிலும் எதிரான இரண்டு முடிவுகளை மக்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்த விவாதத்தில் சம்பவங்கள் மனப்போக்கை உருவாக்குவது குறைவு. ஏற்கெனவே உள்ள மனப்போக்குதான் சம்பவத்துக்குப் பொருள் தருகிறது.

ஆதரிப்பவர்களின் வாதத்தில் உண்மையிலேயே வலுவானது எது?

கூட்டுப் படுகொலையைத் தடுத்துவிடலாம் என்ற வாதத்தைவிட, தனியாக நடக்கும் ஒருவரின் தற்காப்பைப் பற்றிய வாதமே வலுவானது என்பது என் கணிப்பு. 2007இல் நெவாடாவின் ரீனோ நகரப் பல்கலைக்கழகத்தில், இரவு வகுப்பு முடிந்து வாகன நிறுத்தக் கட்டடத்துக்கு வந்த மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வளாகக் காவல் அலுவலகம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவரிடம் துப்பாக்கி உரிமம் இருந்தது. வளாக விதியை மதித்துத் துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவரைத் தாக்கியவன் பின்னர் மற்றொரு பெண்ணைக் கொன்றான். இந்தச் சாட்சியத்தைச் சட்டமன்றக் குழுக்களில் அவரே நேரில் சொன்னபோது, புள்ளிவிவரங்கள் அதற்கு ஈடான பதிலாக நிற்கவில்லை.

வளாகப் பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவை தெரிந்தவர்களால், அறைகளிலும் விருந்துகளிலும், பெரும்பாலும் மது புழங்கும் இடத்தில் நடப்பவை என்பதும், அங்கே கைத்துப்பாக்கி அவ்வளவாக உதவாது என்பதும் உண்மையே. ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல் அந்த ஒரு பெண்ணுக்கு ஆறுதலாகாது.

இரண்டாவது வாதம் எளிமையானது. 21 வயதான ஒருவர் அதே துப்பாக்கியோடு மளிகைக்கடைக்கும் திரையரங்குக்கும் டெக்சாஸ் சட்டமன்றக் கட்டடத்துக்குமே போகலாம் என்றால், பல்கலைக்கழக வாசலைத் தாண்டியதும் அவர் நம்பத்தகாதவராக மாறிவிடுவது ஏன் என்று கேட்கிறார்கள். உரிமதாரர்கள் பொதுவாக மற்றவர்களைவிடக் குறைவாகவே குற்றங்களில் தண்டனை பெறுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அதுவும் சரியே.

எதிர்ப்பவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள்?

ஒரே அச்சம் அல்ல. ஆய்வக வேதிப்பொருள்கள், விளையாட்டரங்கக் கூட்டம், விடுதி அறையில் மது, மதிப்பெண் தகராறு என்று அவரவர் இருக்கும் இடத்துக்கு ஏற்ப அச்சம் மாறுகிறது. தேர்ச்சி பெறாத மாணவனைத் தனி அறையில் சந்தித்து, இனி படிப்பைத் தொடர முடியாது என்று சொல்ல வேண்டிய பேராசிரியரின் நிலை வேறு. இருநூறு பேர் அமர்ந்த விரிவுரைக் கூடத்தில் கடைசி வரிசையில் இருப்பவரின் நிலை வேறு.

கறுப்பின மாணவர்கள் இன்னொன்றைச் சொல்கிறார்கள். வெள்ளையரிடம் உள்ள துப்பாக்கியைத் தற்காப்பாகவும் தங்களிடம் உள்ளதை அச்சுறுத்தலாகவும் காவல்துறை பார்க்கும் என்பது அவர்கள் அனுபவம். சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 2016 ஜூலை 6 அன்று, மினசோட்டாவில் ஃபிலாண்டோ கஸ்டீல் என்ற உரிமதாரர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதை முறைப்படி காவலரிடம் தெரிவித்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆனால் மருத்துவர்களும் உளவியலாளர்களும் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது தற்கொலையை. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். துப்பாக்கியைப் பயன்படுத்தும் முயற்சிகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது உயிரிழப்பில் முடிகின்றன. மற்ற பல வழிகளில் முயல்பவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மீண்டும் அந்த முடிவுக்குப் போவதில்லை. பதின்பருவத்தின் முடிவிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்கள் நிறைந்த விடுதியில் துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதன் பொருள் இதுதான். தொலைக்காட்சி விவாதங்களில் இது அரிதாகவே பேசப்படுகிறது. கொலைகாரனை வீழ்த்தும் வீரரின் கதை கேட்க எளிதாக இருக்கிறது.

கருத்துக் கணிப்புகள் என்ன காட்டுகின்றன?

வளாகத்துக்கு உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் வேறுவேறு உலகங்களில் இருப்பதைக் காட்டுகின்றன. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பேரேரிப் பகுதி மாநிலங்களின் 15 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பேராசிரியர்களில் 94 சதவீதத்தினர் வளாகத்தில் மறைத்து எடுத்துச் செல்வதை ஏற்கவில்லை. அதே ஆண்டில் அதே ஆய்வுக் குழுவினர் நடுமேற்குப் பகுதியின் 15 அரசுப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டபோது 78 சதவீதத்தினர் ஏற்கவில்லை. 2014இல் பல்கலைக்கழகத் தலைவர்களிடம் கேட்டதில் எதிர்ப்பு 95 சதவீதம். கான்சாஸ் மாநிலத்தில் சட்டம் அமலாகும் முன்பு அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், மாணவர்கள் துப்பாக்கி வைத்திருந்தால் பாதுகாப்புணர்வு குறையும் என்றவர்கள் ஐந்தில் நால்வர்.

டெக்சாஸின் பொது வாக்காளர்களோ 2015இல் ஏறத்தாழ சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள். அந்தப் பிரிவு கட்சி எல்லையை ஒட்டியே ஓடியது. மாணவர்களுக்குள்ளும் ஆண்கள், குடியரசுக் கட்சியை ஆதரிப்பவர்கள், துப்பாக்கி புழங்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் ஆகியோரிடம் ஆதரவு கூடுதலாகவும், பெண்களிடமும் கறுப்பின மாணவர்களிடமும் குறைவாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காண்கின்றன. இவற்றில் வீட்டுச் சூழல்தான் தீர்மானமானது என்று எனக்குப் படுகிறது. பன்னிரண்டு வயதில் அப்பாவோடு மான் வேட்டைக்குப் போனவருக்கு அது ஒரு கருவி. செய்தியில் மட்டுமே துப்பாக்கியைப் பார்த்தவருக்கு அது ஒரு சம்பவம்.

ஒரு எச்சரிக்கை: இத்தகைய கணிப்புகளில் கேள்வியின் சொற்கள் விடையை இழுக்கும். 'பயிற்சி பெற்ற உரிமதாரர்' என்று கேட்டால் ஒரு விடையும், 'மாணவர்கள் துப்பாக்கியுடன்' என்று கேட்டால் மற்றொரு விடையும் கிடைக்கும்.

ஒரே மாநிலத்தில் இருந்தும் டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் ஏன் வேறுபட்டன?

இதில்தான் மனப்போக்கின் நிறம் தெளிவாகத் தெரிகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத் தொகுதியின் வேந்தராக அப்போது இருந்தவர் வில்லியம் மெக்ரேவன். கடற்படையின் சிறப்புப் படைகளில் பணியாற்றி, பின் லேடனை வீழ்த்திய நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற அட்மிரல். துப்பாக்கியைக் கண்டு அஞ்சுபவர் என்று அவரை எவரும் சொல்ல முடியாது. அவர் 2015 ஜனவரியில் மாநிலத் தலைவர்களுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சட்டம் வளாகங்களின் பாதுகாப்பைக் குறைக்கும் என்றார். ஏறத்தாழ அதே நேரத்தில் ஏ அண்டு எம் தொகுதியின் வேந்தர் ஜான் ஷார்ப், தம் மாணவர்களும் ஆசிரியர்களும் வீட்டில் எந்தச் சட்டத்தின்கீழ் பொறுப்போடு வாழ்கிறார்களோ அதே சட்டத்தின்கீழ் பல்கலைக்கழகத்திலும் வாழ்வார்கள் என்று தாம் நம்புவதாக எழுதினார்.

விளைவு விதிகளில் தெரிந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் நகர வளாகத்தில், அதன் அப்போதைய தலைவர் கிரெகரி ஃபென்வெஸ் 2016 பிப்ரவரியில், கைத்துப்பாக்கிக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்பதே தம் நம்பிக்கை என்று வெளிப்படையாக எழுதிவிட்டு, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு விதிகளை அறிவித்தார். விடுதி அறைகளில் மாணவர்கள் வைத்திருக்கக் கூடாது. தனி அலுவலகம் உள்ள பேராசிரியர் தம் அறைக்குள் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம். வகுப்பறையை மட்டும் விலக்க முடியாது, ஏனெனில் வகுப்பறையை விலக்கினால் அது பொதுத்தடைக்குச் சமமாகும் என்று அவர் அமைத்த குழுவே முடிவு செய்திருந்தது. துப்பாக்கியின் சுடு அறைக்குள் குண்டை ஏற்றி, உடனே சுடத்தக்க நிலையில் அதைக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு விதியும் இருந்தது. ஆட்சிக் குழு ஜூலையில் அதை நீக்கிவிட்டது. காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் உள்ள ஏ அண்டு எம் தன் விடுதிகளிலும் துப்பாக்கியை அனுமதித்தது. மாணவர் இராணுவப் பயிற்சிப் படை ஒன்று மையமாக இருந்து வளர்ந்த பல்கலைக்கழகம் அது. இரு ஊர்களுக்கும் இடையே காரில் இரண்டு மணி நேரப் பயணம்தான்.

விலக்கப்பட்ட இடத்தை அறிவிக்கும் பலகைக்கும் சட்டத்தில் வரையறை உண்டு: ஆங்கிலம், ஸ்பானிஷ் ஆகிய இரு மொழிகளிலும், பின்னணியிலிருந்து வேறுபட்டுத் தெரியும் நிறத்தில், குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்துகளில் இருக்க வேண்டும். பல்கலைக்கழக வாசல்களில் நீங்கள் காணப்போகும் அந்தப் பெரிய பலகைகளின் காரணம் இதுவே.

ஆசிரியர்கள் வகுப்பில் பேசுவதை மாற்றிக்கொண்டார்களா?

ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2016 பிப்ரவரியில் ஆசிரியர் மன்றக் கூட்டம் ஒன்றில் காட்டப்பட்ட திரைப் பக்கம் நாடெங்கும் பேசப்பட்டது. கருத்து மோதல் எழக்கூடிய தலைப்புகளில் எச்சரிக்கையாக இருங்கள், சில தலைப்புகளைப் பாடத்திட்டத்திலிருந்தே விட்டுவிடுவதைப் பற்றி யோசியுங்கள், மாணவரிடம் கோபம் தெரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு வருபவரை மட்டும் சந்தியுங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. அது நிர்வாகத்தின் ஆணை அன்று. ஆசிரியர் பிரதிநிதிகளின் யோசனை மட்டுமே. ஆயினும் ஒரு பல்கலைக்கழகம் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டவற்றில் இதைவிடச் சோர்வூட்டும் பக்கம் இருக்குமா என்பது ஐயமே.

ஆஸ்டினில் பொருளாதாரத் துறையின் ஓய்வுபெற்ற பேராசிரியர் டேனியல் ஹேமர்மெஷ், ஐந்நூறு பேர் போல அமரும் வகுப்பில் அதிருப்தியுற்ற மாணவரொருவர் துப்பாக்கியோடு வரும் சாத்தியம் கூடிவிட்டது என்று சொல்லிக் கற்பிப்பதிலிருந்து விலகினார். கட்டடக்கலைப் பள்ளியின் தலைவர் ஃபிரெடரிக் ஸ்டைனர் பென்சில்வேனியாவுக்குப் போனதற்கு இந்தச் சட்டத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார். ஆஸ்டினின் பேராசிரியைகள் மூவர் 2016 ஜூலையில் வழக்குத் தொடுத்தார்கள்: வகுப்பில் துப்பாக்கி இருக்கலாம் என்ற எண்ணமே தங்கள் பேச்சுரிமையை உறையவைக்கிறது என்றார்கள். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2018 ஆகஸ்டில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும், இனிமேல் யாரோ மிரட்டக்கூடும் என்ற ஊகத்தால் ஒருவர் தாமாகவே வாயைக் கட்டிக்கொள்வது வழக்குத் தொடுக்கும் தகுதியைத் தராது என்று தீர்ப்பளித்தது.

சட்ட நோக்கில் அந்தத் தீர்ப்பில் குறை காண்பது கடினம். ஆனால் நீதிமன்றம் ஊகம் என்று ஒதுக்கியதுதான் இந்த விவகாரத்தின் உள்ளடக்கமே. துப்பாக்கி மறைந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மறைந்திருக்கும் ஒன்றைப் பற்றி எதிரில் இருப்பவருக்கு ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வகுப்பில் ஒரு துப்பாக்கியும் இல்லாத நாளிலும் அந்த ஊகம் வேலை செய்யும். சட்டத்துக்கு முன்பு ஆஸ்டின் குழு மதிப்பிட்டபடி, மாணவர்களில் உரிமம் வைத்திருந்தவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியானால் அச்சம் மிகை என்று ஆதரவாளர்கள் சொல்வதும், எண்ணிக்கை எங்கள் கவலையே அல்ல என்று ஆசிரியர்கள் சொல்வதும் ஒரே தகவலின் மீது நிற்கின்றன.

மாணவர்கள் எதிர்த்தது எப்படி?

பெரும்பாலும் கேலியால். 2016 ஆகஸ்டு 24 அன்று, ஆஸ்டினில் வகுப்புகள் தொடங்கிய நாளில், ஜெசிக்கா ஜின் என்ற முன்னாள் மாணவி தொடங்கிய போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் பாலுறவுப் பொம்மைகளைப் பையில் வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். அதை வெளியே காட்டுவது டெக்சாஸின் ஆபாசச் சட்டப்படி தவறு, துப்பாக்கியைப் பைக்குள் வைத்துப் போவது சரி என்ற முரணைக் காட்டுவதே நோக்கம். முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த ஒரு நாளில் கிடைத்த கவனம், ஓராண்டு மனுக்களுக்குக் கிடைக்கவில்லை.

துப்பாக்கி வைத்திருந்த பொதுமக்கள் வளாகத்தில் கொலைகாரனைத் தடுத்த வரலாறு உண்டா?

உண்டு, அதில் ஒன்று ஆஸ்டினிலேயே நடந்தது. 1966 ஆகஸ்டு 1 அன்று சார்லஸ் விட்மன் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம் சுட்டு ஒரு டசனுக்கும் மேற்பட்டோரைக் கொன்றான். ஊர்மக்களும் மாணவர்களும் வீட்டிலிருந்தும் வண்டியிலிருந்தும் வேட்டைத் துப்பாக்கிகளை எடுத்துவந்து கீழிருந்து கோபுரத்தை நோக்கிச் சுட்டார்கள். அந்தச் சூடு அவனை நிமிரவிடாமல் கைப்பிடிச் சுவரின் நீர்வடி துளைகளுக்குப் பின்னால் ஒடுங்கவைத்தது என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். மேலே ஏறிச்சென்று அவனைச் சுட்ட காவலர்களில் ஒருவரான ராமிரோ மார்ட்டினஸும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். கீழிருந்து வந்த குண்டுகள் மேலே ஏறியவர்களுக்கும் ஆபத்தாயின என்பதும் உண்மை. அன்று சுடப்பட்டுக் கருவிலிருந்த குழந்தையையும் காதலரையும் இழந்த கிளேர் வில்சன் ஜேம்ஸ், ஐம்பது ஆண்டுகள் கழித்து இந்தச் சட்டத்துக்கு எதிராகவே பேசினார். சட்டம் நடைமுறைக்கு வந்தது அந்தப் படுகொலையின் சரியாக ஐம்பதாவது ஆண்டு நாளில். இது தற்செயல் என்றே சட்டத்தை இயற்றியவர்கள் கூறினர்.

2015 அக்டோபர் 1 அன்று ஓரிகனின் அம்ப்குவா சமுதாயக் கல்லூரியில் ஒன்பது பேர் கொல்லப்பட்டபோது, உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த முன்னாள் விமானப்படை வீரர் ஒருவர் வேறொரு கட்டடத்தில் இருந்தார். தாம் ஏன் அங்கே ஓடவில்லை என்பதை அவரே பின்னர் தொலைக்காட்சியில் விளக்கினார்: போய்ச் சேருவதற்குள் காவல் அதிரடிப்படை வந்துவிடும், துப்பாக்கியோடு நிற்கும் தம்மையே கொலைகாரன் என்று அவர்கள் எண்ணக்கூடும். பயிற்சி பெற்றவரின் நிதானம் அது. 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் வலதுசாரி அரசியல் செயல்பாட்டாளர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். யூட்டா இருபது ஆண்டுகளாக வளாகத் துப்பாக்கியை அனுமதிக்கும் மாநிலம்; குண்டோ தொலைவிலிருந்த ஒரு கூரையிலிருந்து வந்தது. கைத்துப்பாக்கி எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதற்கு இவற்றைத் தாண்டி விளக்கம் தேவையில்லை.

சட்டம் வந்தபின் அஞ்சியது நடந்ததா?

இரு தரப்பும் எதிர்பார்த்த பெரிய நிகழ்வு எதுவும் நடக்கவில்லை. வகுப்பறை வாக்குவாதம் துப்பாக்கிச் சண்டையாக மாறவில்லை; உரிமதாரர் எவரும் டெக்சாஸ் வளாகமொன்றில் படுகொலையைத் தடுத்து நிறுத்தவும் இல்லை. நடந்தவை சிறியவை. 2016 செப்டம்பரில் டார்ல்டன் மாநிலப் பல்கலைக்கழக விடுதியில் உரிமதாரர் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது; எவருக்கும் காயமில்லை. ஐடஹோவில் 2014இல் சட்டம் அமலான சில வாரங்களில், பேராசிரியர் ஒருவரின் கால்சட்டைப் பையில் இருந்த துப்பாக்கி வகுப்பு நடக்கும்போதே வெடித்து அவர் காலைக் காயப்படுத்தியது.

பொதுவான ஆய்வுகளில், மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை குற்றங்களைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என 2004இல் தேசிய ஆய்வு மன்றம் கூறியது. அதன்பின் ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹ்யூ குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய சட்டங்கள் வந்த மாநிலங்களில் பத்தாண்டு கழித்து வன்குற்றங்கள் 13 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருப்பதாகக் கணக்கிட்டது. வளாகத்துக்கு மட்டுமான எண்கள் மிகச் சிறியவை. அவற்றை வைத்து உறுதியாகப் பேசுபவர்களை, அவர்கள் எந்தத் தரப்பாயினும், நான் நம்புவதில்லை.

மற்ற மாநிலங்களில்?

யூட்டா 2004இலும், மிசிசிப்பி, விஸ்கான்சின் 2011இலும் இந்தப் பாதைக்கு வந்தன. கொலராடோவில் 2012இல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. கான்சாஸ், ஜார்ஜியா, ஆர்கன்சா ஆகியவை 2017இல் சேர்ந்தன. ஜார்ஜியாவில் ஆளுநர் நேதன் டீல் 2016இல் மறுத்துத் திருப்பியனுப்பி, மறு ஆண்டே சற்று மாற்றிய வடிவத்தில் கையெழுத்திட்டார். டென்னசியில் முழுநேர ஊழியர்களுக்கு மட்டும் அனுமதி. மேற்கு வர்ஜீனியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. கலிபோர்னியா, நியூயார்க் போன்றவற்றில் தடை தொடர்கிறது.

தனியார் பல்கலைக்கழகங்கள்?

டெக்சாஸில் அவை விலகிக்கொள்ளலாம். ரைஸ், பேய்லர், சதர்ன் மெதடிஸ்ட் உள்ளிட்ட ஏறத்தாழ எல்லாமே விலகிக்கொண்டன. தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தபோது கல்வி நிறுவனங்கள் எதைத் தேர்ந்தெடுத்தன என்பதற்கு இது நேரடிச் சான்று. இதைச் சுட்டும்போது ஆதரவாளர்கள் பொதுவாகப் பேச்சை மாற்றுகிறார்கள்.

எஃப்-1 விசாவில் படிக்கும் இந்திய மாணவர் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மாநிலச் சட்டம் எப்படி இருந்தாலும், குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் குற்றமாக்குகிறது. எஃப்-1 மட்டுமன்றி எச்-1பி, எச்-4 விசாக்களுக்கும் இது பொருந்தும். செல்லத்தக்க வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். 2022க்குப் பின் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. குடியேற்ற நிலையும் போய்விடும். நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

வைத்திருத்தல் என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல. வார இறுதியில் நண்பர்களோடு சுடுபயிற்சிக் கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதற்குள் வரும். ஃபுளோரிடாவில் படிக்க வந்த ஐக்கிய அரபு அமீரக மாணவர் ஒருவர் தேர்ச்சியின்மையால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, விசா நிலையை இழந்தபின் அப்படி ஒரு கூடத்துக்குப் போனதால் கைதாகித் தண்டிக்கப்பட்டார். தன் நிலையை அவர் அறிந்திருந்தார் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது; அதற்குள் ஆண்டுகள் கழிந்துவிட்டன. அறைத்தோழரின் துப்பாக்கி பொது அலமாரியில் உங்கள் கைக்கெட்டும்படி இருப்பதும் சிக்கலாகலாம். பூட்டிய பெட்டியில், சாவி அவரிடம் மட்டும் இருக்கட்டும் என்று வாடகை ஒப்பந்தத்தின்போதே பேசிவிடுவது நல்லது.

பக்கத்தில் இருப்பவரிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கலாமா? தற்செயலாகக் கண்ணில் பட்டால் என்ன செய்வது?

கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. உரிமதாரர் பட்டியல் சட்டப்படி இரகசியம். பல்கலைக்கழகமும் அதைக் கேட்டுப் பெற முடியாது. குனியும்போது சட்டை விலகி ஒரு நொடி தெரிந்துவிட்டால் அது குற்றமாகாது. வேண்டுமென்றே தெரியும்படி காட்டுவதுதான் குற்றம். மிரட்டும் தோரணை இருந்தால் விலகிச் சென்று அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். கழிவறையிலோ நூலக மேசையிலோ மறந்து விடப்பட்ட துப்பாக்கியைக் கண்டால், உரியவரிடம் கொடுத்துவிடலாம் என்ற நல்லெண்ணத்தில் கையில் எடுக்காதீர்கள். குறிப்பாக எஃப்-1 மாணவர்கள் தொடவே வேண்டாம். வேறெவரும் நெருங்காதபடி சற்றுத் தள்ளி நின்று வளாகக் காவலரை அழைத்து, அவர்கள் வந்து எடுக்கும்வரை காத்திருங்கள்.